கச்சேரியில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் பார்க்கிறேன்

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். எனக்கு 49 வயது. சேலம் அம்மாப்பேட்டை. ஒரு நூல் கம்பெனியில் பதினோரு வருடமாகக் குடோன் சூப்பர்வைசர். 20,400 ரூபாயாக இருந்த சம்பளத்தை தீபாவளி கழிந்து 21,600 ஆக்கினார்கள். சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ஆபீஸில், "இனி உனக்கு இஎஸ்ஐ கிடையாது, இந்த மாதத்தோடு கார்டு செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு ஐந்து வருடமாகச் சர்க்கரை. மனைவிக்கு பி.பி. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் போனால் வருமானம் அதிகம் என்கிறார்கள். 3,000 ரூபாய் கொடுத்தால் வருமானத்தைக் குறைத்துச் சான்று வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். தனியார் பாலிசி கேட்டேன். மூன்று பேருக்கும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு வருடம் 22,800 என்கிறார் ஏஜென்ட். அதிலும் சர்க்கரை சம்பந்தமாக எதுவும் மூன்று வருடம் கழித்துத்தானாம்.

எனக்கு இருக்கிற ஒரே பழக்கம் பாட்டுக் கச்சேரி. ஆடியில் கோயில் கச்சேரிகள், கார்த்திகையில் ஐயப்ப பூஜைக் கச்சேரிகள், மே மாதம் ஏற்காடு கோடை விழா என்று நானும் ஒரு நண்பரும் இருபது வருடமாகப் போகிறோம். போன வருடம் அந்த நண்பர் நெஞ்சுவலி வந்து விழுந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் நாலு லட்சம் கடன். அதிலிருந்து கச்சேரியில் உட்கார்ந்தாலும் பாட்டுக் காதில் ஏறுவதில்லை, மனம் கணக்குப் பார்க்கிறது. பேஸ் சத்தம் அடிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. கடைசியாகப் போனபோது இரண்டு நாள் காதில் கொய்ங் என்று சத்தம். "காப்பீடு இல்லாதவருக்குக் கச்சேரி எதுக்கு" என்கிறார் மனைவி. நிறுத்திவிடலாமா?

பதில்:

தம்பி என்றே கூப்பிடுகிறேன். உங்களைவிடப் பத்து வயது மூத்தவள். இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டரில் உட்கார்ந்திருந்த மருத்துவச் சமூகப் பணியாளர். "கார்டு செல்லாதுங்களாம்" என்று சொல்லிக்கொண்டு கவுண்டர் முன்னால் நிற்கிறவர் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் முதலில் நல்ல சேதி.

உங்கள் ஆபீஸில் சொன்னது தப்பு. கார்டு இந்த மாதத்தோடு போகாது.

இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீட்டுக்குச் சம்பள வரம்பு 21,000 ரூபாய், 2017 ஜனவரி 1 முதல். அது உண்மைதான். ஆனால் வரம்பைத் தாண்டிய அன்றே யாரையும் வெளியே தள்ள முடியாது. இஎஸ்ஐ-யில் ஆண்டை இரண்டு சந்தாக் காலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. நடுவில் சம்பளம் கூடினால், அந்தக் காலம் முடியும் வரை நீங்கள் உள்ளேதான். உங்களுக்குச் சம்பளம் கூடியது தீபாவளிக்கு அப்புறம். ஆக மார்ச் 31 வரை கம்பெனி சந்தா பிடித்தாக வேண்டும், தன் பங்கையும் கட்டியாக வேண்டும். சரி, மார்ச்சோடு முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு சந்தாக் காலத்துக்கும் எதிரே ஒரு பலன் காலம் உண்டு. ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. ஒரு சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா இருந்தால், வேலையை விட்டு வெளியே வந்தவருக்குக்கூட அதற்குரிய பலன் காலம் முடியும்வரை மருத்துவ வசதி உண்டு. உங்களுக்கு 78 என்ன, முழுசாகவே இருக்கும். கணக்குப் போட்டால் அடுத்த டிசம்பர் 31 வரை நீங்களும் மனைவியும் மகளும் இஎஸ்ஐ மருத்துவமனை வாசலைத் தாராளமாக மிதிக்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் கையில் இருக்கிறது.

நாளைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் ஐபி எண்ணை, அதாவது இஎஸ்ஐ கார்டில் இருக்கிற காப்பீட்டு எண்ணைப் போட்டு உள்ளே போய், மாதாமாதம் எத்தனை நாளுக்குச் சந்தா ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மகளிடம் சொன்னால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவாள். சம்பளம் கூடிய மாதம் விட்டுப்போயிருந்தால் கணக்கரிடம் மரியாதையாகப் போய், "மார்ச் வரை கட்டணும்னு விதி இருக்குங்களே, ஒரு தடவை பாத்துடுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. 21,000 என்ற எண்ணைப் பார்த்ததும் பெயரை அடித்துவிடுகிற பழக்கம்தான். அவர் கேட்காவிட்டால் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். இன்னொன்றையும் பாருங்கள். அந்த 21,600-க்குள் ஓவர்டைம் காசு கலந்திருக்கிறதா? வரம்பைப் பார்க்கும்போது ஓவர்டைமைச் சேர்க்கக் கூடாது. அதைக் கழித்து 21,000-க்குள் வந்தால் நீங்கள் வெளியேறவே தேவையில்லை.

இதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் சம்பள உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா" என்று தோன்றும். என் கவுண்டரில் அப்படிச் சொன்னவர்கள் நிறையப் பேர். வேண்டாம். பிஎஃப்பும் கிராஜுவிட்டியும் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறும். இன்னும் பத்து வருடம் வேலை பார்க்கப் போகிறீர்கள்.

ஆனால் அந்த உயர்வைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். கூடியது 1,200 ரூபாய். இஎஸ்ஐ நின்றால் நீங்கள் கட்டிவந்த முக்கால் சதவீதம், 20,400-க்கு 153 ரூபாய், உங்களுக்கு மிச்சம். ஆக மாதம் 1,353. ஏஜென்ட் சொன்ன 22,800-ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,900. சம்பளம் கூடியதால் உங்களுக்கு மாதம் 547 ரூபாய் நஷ்டம்! உங்கள் எரிச்சலில் நியாயம் இருக்கிறது. இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். கம்பெனி உங்களுக்காகக் கட்டிவந்தது மூணேகால் சதவீதம், அதாவது 663 ரூபாய். அது ஏப்ரலிலிருந்து முதலாளிக்கு மிச்சம். உங்கள் 1,353-உம் அவருடைய 663-உம் சேர்ந்தால் 2,016. பிரீமியத்துக்குப் போதும், மேலே தேநீருக்கும் மிஞ்சும். உங்கள் கம்பெனியில் வரம்பைத் தாண்டியவர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க முடியாது. நாலைந்து பேர் சேர்ந்து போய், "எங்களுக்காகக் கட்டிக்கிட்டிருந்த காசுதானே, அதை ஒரு குரூப் பாலிசிக்குக் குடுங்க" என்று கேளுங்கள். குரூப் பாலிசியில் பல நேரம் பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே காப்பு கிடைக்கும், சர்க்கரைக்காரருக்கு அது பெரிய விஷயம். முதலாளி ஒத்துக்கொள்வாரா என்று கேட்டால், சிலர் ஒத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன், சிலர் சிரித்ததையும் பார்த்திருக்கிறேன். எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் சிரிப்பது கஷ்டம்.

அந்த 3,000 ரூபாய்க்காரர் விஷயம். வேண்டாம் தம்பி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு இப்போதைய வரம்பு குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய். மாதம் பத்தாயிரம். உங்களுக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, பிஎஃப் கணக்கு இருக்கிறது, எல்லாவற்றிலும் ஆதார் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொய்ச் சான்று வாங்குவது குற்றம் என்பது ஒரு பக்கம். அந்த அட்டை என்றைக்குச் செல்லாமல் போகும் என்று தெரியாமல் அதை நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் இருந்துவிடுவீர்கள், அதுதான் எனக்குப் பயம். தவிர, அது பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும் பெரிய சிகிச்சைகளுக்குமான அட்டை. உங்கள் மாதாந்திர மாத்திரைக்கு அது உதவாது.

நீங்கள் நிற்கிற இடம் எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அட்டைக்கு மாதம் பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும், இஎஸ்ஐ-க்கு இருபத்தோராயிரத்துக்குள் இருக்க வேண்டும். இருபத்தோராயிரத்து அறுநூறு வாங்குகிறவரை அரசு கணக்கில் வசதியானவர் என்று எழுதிவிடுகிறது. நம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையிலும் கொண்டலாம்பட்டி தறிக் கொட்டகைகளிலும் இந்த நடுவாந்திர ஆட்கள் எத்தனை பேர்! திட்டம் போடுகிறவர்கள் கண்ணில் இவர்கள் படுவதே இல்லை என்று எனக்கு நெடுநாளாகவே ஒரு கோபம் உண்டு. சரி, கோபத்தை வைத்துக்கொண்டு மருந்து வாங்க முடியாது.

தனியார் பாலிசிக்கு வருவோம். ஏஜென்ட் மூன்று வருடம் என்று சொன்னதும் நீங்கள் சோர்ந்துபோனது கடிதத்தில் தெரிகிறது. அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம்தான் இருக்கலாம் என்பது 2024 ஏப்ரலிலிருந்து விதி, அதற்கு முன் 48. அந்தக் கடிகாரம் பாலிசி எடுத்த நாளிலிருந்து ஓடும். இஎஸ்ஐ முடிகிற டிசம்பரில் பாலிசி எடுத்தால் காத்திருப்பு முழுவதும் காப்பே இல்லாத காலத்தில் கழியும். இப்போதே எடுத்தால் முதல் ஒரு வருடம் இஎஸ்ஐ நிழலில் ஓடிவிடும். ஒரு வருடப் பிரீமியம் கூடுதல் செலவுதான். உங்கள் நிலைமையில் நான் இருந்தால் அந்தச் செலவைச் செய்வேன், நகைச் சீட்டை நிறுத்தியாவது.

காத்திருப்பு என்றால் மூன்று வருடம் பாலிசி சும்மா கிடக்கும் என்றும் நினைக்காதீர்கள். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே காப்பு உண்டு. டெங்கு, குடல்வால் மாதிரி புதிதாக வருவதற்கு முதல் 30 நாள் கழிந்தால் போதும். கண்புரை, ஹெர்னியா போன்ற சிலவற்றுக்குத் தனிக் காத்திருப்பு இருக்கும், அதைப் பாலிசித் தாளில் பாருங்கள். மனைவிக்கும் மகளுக்கும் அவரவர் கணக்கு.

சர்க்கரை இருப்பதை மறைக்கச் சொல்கிற ஏஜென்ட் கிடைத்தால் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். படிவத்தில் ஐந்து வருடமாக எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் கிடைக்காது. தொடர்ந்து ஐந்து வருடம் பாலிசி ஓடிவிட்டால் அதற்கப்புறம் மோசடி என்று நிரூபிக்காமல் கம்பெனியால் மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. ஆனால் ஐந்து வருடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பதற்கு ஒரு வரி உண்மையை எழுதுவது சுலபம்.

எந்தப் பாலிசி என்று கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் 'ஆரோக்கிய சஞ்சீவனி' என்ற பொதுப் பாலிசி 2020 ஏப்ரல் முதல் இருக்கிறது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் உள்ளே இருக்கிற ஷரத்து ஒன்றுதான், விலைதான் வேறு. அதனால் ஒப்பிடுவது சுலபம். அறை வாடகைக்கு நாளுக்கு 5,000 வரைதான், ஒவ்வொரு பில்லிலும் ஐந்து சதவீதம் நம் கையிலிருந்து, இந்த இரண்டும் அதன் குறை. ஏஜென்ட் சொன்ன 22,800-இல் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது. பழைய ரேட் கார்டைக் காட்டுகிறவர்கள் இருக்கலாம். பாலிசி கைக்கு வந்தபின் 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம், அந்த 30 நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி மகளோடு உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கிற நானே சறுக்கினவள்தான். என் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். ரேஷன் கார்டில் அவர் பெயர் 'சாமி' என்று முடியும், ஆதாரில் 'சுவாமி'. இந்த ஒரு 'வ'-வுக்காகக் காப்பீட்டு அனுமதி வர இரண்டு நாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் நான் யாரென்று தெரியாமல், "இதையெல்லாம் முன்னாடியே பாத்து வெச்சிருக்கணும்மா" என்று எனக்கே பாடம் எடுத்தான். நான் ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே வாக்கியம். அதனால் மூன்று பேரின் ஆதார், ரேஷன் கார்டு, பாலிசி, மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று இப்போதே பாருங்கள்.

ஐபி எண்ணையும் தொலைக்காதீர்கள். குறைந்தது ஐந்து வருடம் இஎஸ்ஐ-யில் இருந்து ஓய்வு பெறுகிறவருக்கும் அவர் துணைக்கும் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் மருத்துவ வசதி தொடர்கிறது. சம்பளம் கூடி நடுவில் வெளியேறியவர்களையும் இதில் சேர்க்க 2024 பிப்ரவரியில் இஎஸ்ஐ கழகம் முடிவெடுத்தது. 2012 ஏப்ரலுக்குப் பிறகு ஐந்து வருடமாவது இஎஸ்ஐ-யில் இருந்திருக்க வேண்டும், ஓய்வு பெறும்போது சம்பளம் 30,000-க்குள் இருக்க வேண்டும். உங்களுக்குப் பதினோரு வருடம் இருக்கிறது. சம்பளம் அந்த வரம்புக்குள் இருந்தால் ஓய்வு பெறும் நாளில் அந்த எண் உங்களுக்கு உதவலாம்.

அப்புறம், வருமானம் கேட்காத வாசல்களும் சேலத்தில் உண்டு. நம் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, யாரிடமும் சம்பளச் சீட்டு கேட்பதில்லை. இதயக் குழாயில் வைக்கிற ஸ்டென்ட் மாதிரி பெரிய செலவுகள் அங்கேயும் காப்பீட்டு அட்டைக் கணக்கில்தான் பெரும்பாலும் ஓடும், அட்டை இல்லாதவர் என்ன செய்ய வேண்டும் என்று நோய் வருவதற்கு முன்பே ஒருநாள் போய்க் கேட்டு வைத்துக்கொள்ளலாம். மாத்திரைக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், மனைவியின் பெயரையும் சேர்த்துப் பதியுங்கள். சாலை விபத்தென்றால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு வருமானக் கேள்வியே கிடையாது. ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவையும் இரவில் பைக்கில் இறங்குகிறவராகத்தான் இருப்பீர்கள். இந்தத் திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரி எது என்று நண்பருக்கும் தெரிந்திருக்கட்டும்.

காகிதம் போதும். நண்பர் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இஎஸ்ஐ போகும் என்று சொன்னது இந்தத் தீபாவளிக்கு அப்புறம். பாட்டுக் காதில் ஏறாமல் போனது போன வருடத்திலிருந்து. நடுவில் ஒரு வருடம் உங்கள் கார்டு பத்திரமாகத்தான் இருந்தது, ஆனாலும் நீங்கள் கச்சேரியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் விழுந்ததும் அடுத்தது நாம்தானோ என்று மனசுக்குள் ஒருவர் எண்ண ஆரம்பித்துவிடுகிறார். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பதில் இது வராதவர்கள் குறைவு. என் கவுண்டருக்கு வந்தவர்களில் பலர் நோய்க்காக வந்ததில்லை, நண்பனுக்கோ அண்ணனுக்கோ வந்த நோயைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அவரோடு இதைப் பற்றிப் பேசினீர்களா? "உனக்கு அன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு" என்று ஒரு தடவை கேட்டிருக்கிறீர்களா? ஆண்கள் இருபது வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள், இதை மட்டும் கேட்க மாட்டார்கள்.

படபடப்பைப் பயம் என்று நானாக முடிவு கட்ட மாட்டேன். ஐந்து வருடச் சர்க்கரை, 49 வயது. இந்த வாரமே இஎஸ்ஐ-யில் ஒரு ஈசிஜி. கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொலஸ்ட்ரால், கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், கண்ணின் விழித்திரை. டிசம்பர் வரை கார்டு இருக்கிறது என்று சொன்னேனே, இதற்குத்தான் அது. மேலே ஏறும்போது நெஞ்சு அழுத்தினாலோ, வியர்த்து மூச்சு வாங்கினாலோ கச்சேரியாவது கல்யாணமாவது, 108-ஐக் கூப்பிடுங்கள். வலி கழுத்துக்கும் தாடைக்கும் போகிறதா என்று பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நேரம் வலியே சரியாகத் தெரியாது.

காதுக்கு நீங்கள் உட்கார்ந்த இடம்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கர் கோபுரத்துக்கு நேர் எதிரே, முதல் வரிசை, சரியா? 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் காது தாங்கும் என்பது தொழில் மருத்துவத்தில் வைத்திருக்கிற கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 100-க்கு வந்தால் வெறும் பதினைந்து நிமிடம். நம் ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் ரிதம் பேடும் பேஸ் கிட்டாரும் சேர்ந்து அடிக்கிற குத்துப் பாட்டில் முதல் வரிசையில் 100 சாதாரணம். திறந்த வெளியில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினால் சுமார் 6 டெசிபல் குறையும், அதாவது காது நாலு மடங்கு நேரம் தாங்கும். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போங்கள், அவ்வளவுதான். மருந்துக்கடையில் பஞ்சு மாதிரி காதடைப்பான் கிடைக்கும், கொஞ்சக் காசுதான். பாட்டு கேட்கும், சத்தம்தான் குறையும். வயலினும் புல்லாங்குழலும் வருகிற பாட்டுக்குக் கழற்றிக்கொள்ளுங்கள். குடோனுக்குப் பக்கத்தில் தறி ஓடுகிறதென்றால் அங்கேயும் போடுங்கள், பகல் முழுக்கத் தறிச் சத்தத்தில் களைத்த காதுக்குக் கச்சேரி இரண்டாவது ஷிப்டு. அந்தக் கொய்ங் இரண்டு நாளில் போய்விட்டதே, அதுவரை நல்லது. திரும்ப வந்தால், அல்லது ஒரு காது திடீரென்று மந்தமானால், தள்ளிப்போடாமல் ஈஎன்டி டாக்டரிடம் போங்கள், அதில் நாள் கடந்தால் மருந்து பிடிக்காது.

இரவுக் கச்சேரிக்குச் சர்க்கரைக்காரர் வேறொன்றும் பார்க்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு, "அங்கே போய்ச் சாப்பிட்டுக்கலாம்" என்று கிளம்பி, ஒன்பது மணிக்குக் கூட்டத்தில் கை நடுங்கி வியர்த்து மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். உங்களுக்கு வந்தது அதுவாகவும் இருக்கலாம். அன்றைக்குச் சாப்பிட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், சட்டைப் பையில் நாலு சர்க்கரை மிட்டாய் இருக்கட்டும்.

இப்போது மனைவியின் கேள்வி. அவர் கேட்டதில் கோபம் இல்லை, பயம் இருக்கிறது. காப்பீட்டுக் கணக்கை முதலில் அவரிடம் எடுத்துக் காட்டுங்கள், மார்ச் 31, டிசம்பர் 31, மாதம் 1,900 எல்லாவற்றையும் தாளில் எழுதி. அதே தாளில் கீழே கச்சேரிச் செலவையும் எழுதுங்கள். கோயில் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கும் குகை வண்டி வேடிக்கைக்கும் யாரும் காசு கேட்பதில்லை. ஐயப்ப பூஜையில் சாப்பாடே போடுகிறார்கள். பெட்ரோல், ஒரு தேநீர், ஒரு தட்டுவடை செட். வருடம் முழுக்கக் கூட்டினாலும் இரண்டு மாதப் பிரீமியம் தேறாது. இதை நிறுத்தி அதைக் கட்ட முடியாது.

எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு என்பதால் சொல்கிறேன். என் தம்பி ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி ஏற்காடு ரோட்டில் அவன் வண்டி போகும்போதெல்லாம், படம் எடுத்த ஊரில் இப்போது மேடை மட்டும்தான் மிச்சம் என்பான். டி.ஆர். சுந்தரம் அந்த ஸ்டூடியோவைத் தொடங்கியது 1935-இல். அவன் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் பிடிக்கும். மேடையிலிருந்து பார்த்தால் முதல் வரிசையில் இருப்பவர்கள் செல்போனில் படம் பிடிப்பார்களாம், பாட்டுக் கேட்கிறவர்கள் நடுவிலிருந்து பின்னால்தான் இருப்பார்களாம். பல்லவி திரும்ப வரும்போது தலை ஆடுவது அங்கேதான் தெரியுமாம். உங்கள் காதுக்கும் அதுதான் நல்ல இடம்.

ஆகவே போங்கள். கடன் வாங்கிப் போகாதீர்கள், மாத்திரையை விட்டுவிட்டுப் போகாதீர்கள், பன்னிரண்டு மணி வரை இருக்காதீர்கள். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணியோடு தடை என்பது பொது விதி. திருவிழாவுக்குத் தனி அனுமதி வாங்கினால் பன்னிரண்டு வரை நீட்டிப்பார்கள், ஆனாலும் நீங்கள் பத்துக்கே எழுந்துவிடுங்கள். தூக்கம் கெட்டால் மறுநாள் காலைச் சர்க்கரை காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். நண்பர் இப்போது கச்சேரிக்கு வருகிறாரா? கடிதத்தில் அதை எழுதவில்லை. அவருடைய டாக்டர் சரி என்றால் அடுத்த பூஜைக் கச்சேரிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பைக் வேண்டாம், டவுன் பஸ்ஸில். அவர் வீட்டில் யாராவது அவருடைய காப்பீட்டுக் காகிதங்களைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள், கடன் வாங்கிய பிறகும் சில நேரம் கிளெய்ம் செய்ய வழி மிஞ்சியிருக்கும். டிஸ்சார்ஜ் தாளோடு எனக்கு எழுதச் சொல்லுங்கள். திரும்பும்போது தட்டுவடை செட் இரண்டு பார்சல் கட்டுங்கள், வீட்டில் இருவருக்கும். உங்களுக்கு ஒன்றே போதும், அதுவும் காரச் சட்னி கொஞ்சமாக.